தோளுக்குப் பின்னால் இருந்த வால்வு: 1997 மான்டரே விபத்து

கழுகுப்பார்வை:

விமான விபத்து விசாரணை அறிக்கைகளைப் படிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். படித்து முடித்ததும் மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். இது ஒன்று மட்டும் விடமாட்டேன் என்கிறது. மூன்று நாளாக மனசுக்குள் இதே ஓட்டம். அதனால் இங்கே கொண்டுவந்து போடுகிறேன்.

1997 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கலிஃபோர்னியாவின் மான்டரே விமான நிலையத்திலிருந்து, இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன விமானம் கிளம்புகிறது. உள்ளே ஒருவர்தான். அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், வயது 53. புதிதாகக் கற்றுக்கொண்டவர் இல்லை. 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அப்பாவே விமானப்படையில் விமானி. மூன்று முறை ஓடுபாதையில் இறங்கி உடனே ஏறிப் பழகிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போனார். 5.28 மணி வாக்கில், பசிபிக் குரோவ் கரையை ஒட்டி விமானம் கடலில் விழுந்தது. அவர் அங்கேயே இறந்துபோனார்.

கரையில் இருந்து பார்த்தவர்கள் பலர் விசாரணையில் பேசியிருக்கிறார்கள். 350 முதல் 500 அடி உயரத்தில் வந்துகொண்டிருந்ததாம். சிலர் காதில் ‘பட்’ என்று ஒரு சத்தம், கூடவே இன்ஜின் இரைச்சல் குறைந்தது. அப்புறம் வலது பக்கம் பலமாகச் சாய்ந்து, மூக்குக் குப்புற இறங்கியிருக்கிறது.

விமானத்தின் பெயர் லாங்-ஈஸி. வடிவமைத்தவர் பர்ட் ருட்டான். 1986-ல் நடுவில் எரிபொருள் நிரப்பாமல் உலகத்தைச் சுற்றிய வாயேஜரும் அவர் வடிவமைப்புதான். லாங்-ஈஸியில் பெரிய இறக்கை பின்னால் இருக்கும், சின்ன இறக்கை மூக்கில் இருக்கும் (அதற்குக் கானார்டு என்று பெயர்), புரொப்பெல்லர் வாலில் இருந்து தள்ளும். கடையில் வாங்கும் விமானம் இல்லை அது. வரைபடத்தை வாங்கி, ஃபோமும் கண்ணாடி இழையும் எபாக்ஸியும் வைத்து அவரவர் வீட்டில் கட்டிக்கொள்ள வேண்டியது. இந்த ஒன்றை டெக்சாஸில் ஒருவர் கட்டினார். பிறகு கைமாறி, டென்வரிடம் வந்தது. அவர் அரை மணி நேரம் பழகிப் பார்த்துவிட்டு முந்தின நாள்தான் மான்டரேவுக்கு ஓட்டிவந்தார்.

இனிமேல்தான் விஷயம். ருட்டானின் வரைபடத்தில் எரிபொருள் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவில், கைக்குப் பக்கத்தில் இருக்கும். இடது டேங்க், வலது டேங்க், மூடு. அவ்வளவுதான் அதன் வேலை. இதைக் கட்டியவர் அந்த வால்வை விமானியின் இடது தோளுக்குப் பின்னால், முதுகுப்பக்கத் தடுப்பில் கொண்டுபோய் வைத்தார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்த டேங்க் என்று அதில் எழுதவும் இல்லை.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு இது: ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வால்வைத் திருப்ப முயன்றபோது விமானியின் கவனம் சிதறி, மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரட்டரின் வலது பெடலைத் தெரியாமலே மிதித்ததில் கட்டுப்பாடு போனது. எரிபொருள் நிரப்பாமல் கிளம்பியதும் காரணம். வால்வு இருந்த இடம், குறியீடு இல்லாத எரிபொருள் அளவுக் குழாய்கள், போதாத பயிற்சி, இந்த வகை விமானத்தில் அனுபவக் குறைவு எல்லாம் துணைக் காரணங்கள்.

விமானம் கட்டுகிறவர்கள், பழுது பார்க்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?


நிலா ரசிகை:

எனக்கு விமானம் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் பாட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். ‘பெட்ரோல் தீர்ந்து விழுந்துவிட்டார்’ என்றுதான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு டேங்கில் எரிபொருள் இருக்கும்போதே விழுந்தது என்றால் மனசு தாங்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். கட்டியவர் ஏன் அதை அங்கே கொண்டுபோய் வைத்தார்? வரைபடத்தில் இருந்தபடியே வைத்திருக்கலாமே?


ஹேங்கர் அண்ணாச்சி:

அம்மா, நல்ல கேள்வி. விமானப் பராமரிப்பில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். அந்த மனிதரை அவசரப்பட்டுத் திட்டாதீர்கள். அவருக்குக் காரணம் இருந்தது. எரிபொருள் உட்காருமிடத்துக்குள் வரவே கூடாது என்று நினைத்தார்.

வால்வு கால்களுக்கு நடுவில் இருந்தால் என்ன ஆகும்? டேங்கிலிருந்து குழாய் காக்பிட்டுக்குள் வந்து, வால்வைத் தொட்டு, திரும்பப் பின்னால் இருக்கும் இன்ஜினுக்குப் போக வேண்டும். எங்காவது ஒரு மூட்டு கசிந்தால் விமானியின் மடியில் பெட்ரோல். கீழே மோதினால் முதலில் பற்றுவது அங்கேதான். எரிந்த காக்பிட் ஒன்றை ஒருமுறை சுத்தம் செய்திருக்கிறேன். அந்த வாடை தெரிந்தவனுக்கு அவருடைய பயம் புரியும்.

ஆக, தீயைப் பற்றிய பயத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த வழியில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. அவருக்குத்தான் எந்தப் பக்கம் திருப்பினால் என்ன என்று மனப்பாடமாயிற்றே. கட்டிய கைக்கு எழுத்து எதற்கு?

இப்போது எல்லோரும் ஒரு காரியம் செய்யுங்கள். நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்து, கால் நீட்டி உட்காருங்கள். லாங்-ஈஸியில் அப்படித்தான், பாதி படுத்த மாதிரி. விமானத்தை ஓட்டும் பிடி, அதுதான் ஸ்டிக், உங்கள் வலது பக்கம் இருக்கிறது, வலது கையால் பிடித்திருக்கிறீர்கள். தோள்பட்டையில் பெல்ட் இறுக்கமாக இருக்கிறது. இப்போது வால்வைத் திருப்ப வேண்டும். வலது கையை ஸ்டிக்கிலிருந்து எடுங்கள். பெல்ட்டைத் தளர்த்துங்கள். இடுப்புக்கு மேலே உடம்பை இடது பக்கமாக முழுசாகத் திருப்புங்கள். வலது கையை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய், கண்ணுக்குத் தெரியாத ஒரு கைப்பிடியைத் தேடுங்கள்.

இப்போது உங்கள் வலது கால் என்ன செய்துகொண்டிருக்கிறது, பாருங்கள்.


முதல்சோலோ:

ஐயா, செய்து பார்த்தேன். வலது கால் தரையை உதைத்துக்கொண்டு நிற்கிறது! நான் உதைக்கவே நினைக்கவில்லை. உடம்பைத் திருப்ப அது தானாக முட்டுக் கொடுக்கிறது.

இன்னொரு சந்தேகம். கானார்டு விமானம் ஸ்டால் ஆகாது, அதாவது இறக்கை திடீரென்று தூக்குவிசையை இழக்காது, அதனால் பாதுகாப்பானது என்று எங்கள் வகுப்பில் பேசிக்கொள்கிறார்கள். பிறகு எப்படி இப்படி விழுந்தது?


கழுகுப்பார்வை:

விசாரணைக்காரர்களும் அண்ணாச்சி சொன்னதைத்தான் செய்து பார்த்தார்கள் தம்பி. அதே வகை விமானத்தில் ஆட்களை உட்காரவைத்து வால்வு இருந்த இடத்துக்குக் கை நீட்டச் சொன்னபோது, இயல்பாகவே வலது கால் வலது பெடலில் நீண்டு அழுத்தியது. அறிக்கையில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் அதுதான்.

கானார்டு பற்றிக் கேட்டாய். முன்னால் இருக்கும் சின்ன இறக்கை பெரிய இறக்கைக்கு முன்பே தூக்குவிசையை இழக்கும்படி செய்திருப்பார்கள். மெதுவாகப் போய், மூக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் மூக்கு மெல்லத் தாழ்ந்து, வேகம் பிடித்து, திரும்ப எழும்பும். பெரிய இறக்கை ஸ்டால் ஆகிற நிலைக்கே போகாது. ருட்டானின் விமானங்கள் அதற்காகவே பேர் வாங்கியவை. ஆனால் அந்தப் பாதுகாப்பு மெதுவாகப் பறப்பதற்குத்தான். ரட்டரை மிதித்துக்கொண்டு, ஸ்டிக்கை விட்டுவிட்டு, முதுகைத் திருப்பி உட்கார்ந்திருப்பவரை அது எப்படிக் காப்பாற்றும்? பக்கவாட்டில் திரும்பும், உருளும், மூக்கு கீழே போகும். 500 அடியில் அதிலிருந்து மீள இடம் எங்கே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று விமான நிலையத்தில் நடந்தது. கிளம்பும் முன் பராமரிப்புத் தொழில்நுட்பர் ஒருவரும் டென்வரும் இந்த வால்வைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அது கைக்கு எட்டாத தொல்லை என்று தெரியும். கைப்பிடியை நீளமாக்க ஒரு பூட்டுக் குறடு, அதுதான் வைஸ்-கிரிப், அதை மாட்டிப் பார்த்தார்கள். சரிவரவில்லை. எரிபொருள் அளவு காட்டும் குழாய்களும் பின் இருக்கைப் பக்கம் இருந்ததால் விமானிக்குத் தெரியாது. தோளுக்கு மேலே பிடித்துப் பார்க்க அந்தத் தொழில்நுட்பர் ஒரு சின்னக் கண்ணாடி கொடுத்தார். வலது டேங்கில் பாதிக்கும் குறைவு, இடதில் கால் பங்குக்கும் குறைவு என்று பார்த்துச் சொன்னார். எரிபொருள் நிரப்பட்டுமா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரம்தானே பறக்கப் போகிறேன், வேண்டாம் என்றார் டென்வர். வால்வைத் திருப்ப வேண்டிவந்தால் ஆட்டோபைலட்டில் போட்டுவிட்டுத் திருப்பிக்கொள்வேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

கண்ணாடியும் குறடும். அந்த இரண்டு பொருளும் என் கண்ணிலேயே நிற்கின்றன. பிரச்சினை தெரியாமல் போகவில்லை. தெரிந்து, கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்து, சரி பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிய சாயங்காலம் அது.


எதிர்க்குரல்:

நான் நேராகவே சொல்கிறேன். ஆளாளுக்கு வீட்டில் விமானம் கட்டுவதை நிறுத்த வேண்டும். 2012-ல் அதே பாதுகாப்பு வாரியம் வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வு வெளியிட்டது. அமெரிக்கப் பொது விமானங்களில், அதாவது விமான நிறுவனங்களுடையதும் ராணுவத்துடையதும் அல்லாதவற்றில், இவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆனால் 2011-ல் நடந்த பொது விமான விபத்துகளில் சுமார் 15 சதவீதம் இவற்றுடையது. உயிர் போன விபத்துகளில் 21 சதவீதம். இதற்கு மேல் என்ன வேண்டும்? அங்கீகாரம் பெற்ற தொழிற்சாலையில் இப்படி ஒரு வால்வைத் தோளுக்குப் பின்னால் வைக்க விடுவார்களா?

டென்வர் விஷயத்தில் இன்னொன்று. அவருக்கு மருத்துவச் சான்றும் செல்லுபடியாகவில்லை என்று படித்திருக்கிறேன்.


கழுகுப்பார்வை:

மருத்துவச் சான்று விஷயம் உண்மைதான். ஆனால் உடற்கூறு ஆய்வில் மதுவோ போதைப்பொருளோ இல்லை என்று தெளிவாக இருக்கிறது. காரணங்களில் அதை வாரியம் சேர்க்கவில்லை. இறந்தவரைப் பற்றி அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வால்வுக்கு அதனோடு தொடர்பு இல்லை.


ஹேங்கர் அண்ணாச்சி:

எதிர்க்குரல் சொல்வதில் பாதி நியாயம். தொழிற்சாலையில் விடமாட்டார்கள், உண்மை. இந்த வகையில் கட்டுகிறவர் வரைபடத்தை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று சட்டம் இல்லை. பாதிக்கு மேல் வேலையைத் தானே, கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்காகவோ செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் ‘பரிசோதனை’ வகைச் சான்று. வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்பட்டதல்ல என்று பயணி கண்ணில் படும்படி உள்ளே எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

ஆனால் ‘அனுபவம் இல்லாதவன் கட்டினான், அதனால் விழுந்தது’ என்று முடித்துவிட முடியாது. ஸ்டீவ் விட்மன் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டு உலகப் போருக்கும் நடுவில் பந்தய விமானம் கட்டி ஓட்டிய மனிதர். வருடாவருடம் வீட்டு விமானக்காரர்கள் கூடுகிற ஆஷ்காஷ் விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான். ஆயுள் முழுக்க விமானம் கட்டிய கை. 1995 ஏப்ரல் 27-ம் தேதி, 91 வயதில், மனைவியோடு ஃப்ளோரிடாவிலிருந்து ஆஷ்காஷுக்குக் கிளம்பினார். தானே கட்டிய விமானம். அலபாமாவில் ஸ்டீவன்சன் பக்கத்தில் வானத்திலேயே உடைந்து விழுந்தது. இருவரும் போய்விட்டார்கள்.

காரணம் என்ன தெரியுமா? இறக்கைத் துணி. மரப்பலகை மேல் துணியை ஒட்டிய முறை சரியில்லை. ஒட்டாமல் விட்ட ஓர் இடத்தில், எய்லரான் (இறக்கையின் பின் ஓரத்தில் அசையும் மடல்) பக்கம், துணி கிளம்பிவிட்டது. அங்கே காற்று புகுந்து எய்லரானும் இறக்கையும் படபடவென்று அதிர ஆரம்பித்தால் முடிந்தது. அந்த அதிர்வுக்கு ஃப்ளட்டர் என்று பெயர். கண் இமைக்கும் நேரத்தில் இறக்கையையே பிய்த்துவிடும்.

நான் சொல்ல வருவது இதுதான். அவருக்குத் துணி ஒட்டத் தெரியாதா? அவரிடம்தான் மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். பழைய பருத்தித் துணிக்குப் பழகிய கை ஒரு மாதிரி ஒட்டும். புதிய பாலியெஸ்டர் துணிக்கு வேறு மாதிரி ஒட்ட வேண்டும், வேறு பசை, வேறு வரிசை. தயாரித்தவன் எழுதிக்கொடுத்த முறையில் ஒரு படி மாறினாலும் அது பிடிக்காது. பல வருடம் கழித்துத்தான் காட்டும். பக்கத்தில் இன்னொரு ஆள் இருந்து, ‘ஏன் ஐயா இப்படி ஒட்டுகிறீர்கள்’ என்று கேட்டிருந்தால் போதும். அவ்வளவு பெரிய மனிதரிடம் யார் கேட்பது?

தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசமும் இதில்தான் இருக்கிறது. அங்கே மூளை அதிகம் என்று இல்லை. அங்கே ஒருவன் செய்ததை இன்னொருவன் பார்த்தே ஆக வேண்டும்.


நிலா ரசிகை:

அந்த 91 வயதுப் பெரியவரும் அவர் மனைவியும்... படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.


ரிவெட்டுக்காரன்:

ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தேன். இனி எழுதாமல் இருக்க முடியாது. நானும் என் மாமாவும் ஆறு வருடமாக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருக்கிறோம். முழுக்க அலுமினியம், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற வகை.

எதிர்க்குரல், நீங்கள் நினைக்கிற மாதிரி இது விளையாட்டுத்தனமாக நடக்கிற வேலை இல்லை. ரிவெட், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணி, அடிக்க இரண்டு பேர் வேண்டும். மாமா வெளியிலிருந்து ரிவெட் துப்பாக்கியை வைத்து அடிப்பார். நான் இறக்கைக்குள் தோள் வரை கையை விட்டு, ரிவெட்டின் வால் மேல் ஓர் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பேன். ஒரு நொடிச் சத்தம். பிறகு டார்ச் அடித்துப் பார்ப்போம். வால் சரியாக நசுங்கியிருக்க வேண்டும், சாய்ந்திருந்தால் துளைபோட்டு எடுத்துவிட்டுத் திரும்ப. ஒரு சாயங்காலம் முழுக்கப் பன்னிரண்டு ரிவெட்டைக் கழற்றியிருக்கிறோம். ஒரு ரிவெட் சரியில்லை என்று மாமா ராத்திரி எழுந்து போய்ப் பார்த்த நாளும் உண்டு.

அப்புறம், கட்டி முடித்தவுடன் ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பவும் முடியாது. அமெரிக்க முறையில், வழக்கமாக, சான்று பெற்ற இன்ஜின், புரொப்பெல்லர் ஜோடி என்றால் 25 மணி நேரம், இல்லையென்றால் 40 மணி நேரம், குறித்துக்கொடுத்த பகுதிக்குள் தனியாகச் சோதனைப் பறப்பு. எரிபொருள் சோதனையும் அப்படித்தான். ஏறும்போது இருக்கும் கோணத்துக்கு மூக்கைத் தூக்கி நிறுத்தி, கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி, வாளியில் பிடித்து, நிமிடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். பம்ப் வைத்தது என்றால் முழு வேகத்தில் இன்ஜின் குடிப்பதைவிடக் கால் பங்கு அதிகம் வர வேண்டும். தானாக வழிந்து வருவது என்றால் ஒன்றரை மடங்கு. முதல் தடவை எங்களுக்குப் பாதிதான் வந்தது. குழாய்க்குள் துளைபோட்ட அலுமினியத் தூள். தரையில் தெரிந்ததால் தப்பினோம்.

ஆனால் இந்த இழையைப் படித்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்துகிறது. இரண்டு வருடம் முன்பு மாமாவும் வரைபடத்தை ஓர் இடத்தில் மாற்றினார். எரிபொருள் வால்வை இருக்கைகளுக்கு நடுவில் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவிட்டார். முன்னால் திராட்டில் (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது) கம்பி போகிற வழி நெருக்கமாக இருக்கிறது என்று. அப்போது நானும் சரி என்றேன். பெரிய தூரம் இல்லை, ஒரு சாண்தான்.


எதிர்க்குரல்:

உங்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை தம்பி. வாளியில் அளந்ததைப் படித்ததும் என் எண்ணம் கொஞ்சம் மாறியது, ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் ஆறு வருடம் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறீர்கள், உங்களுக்கு ஒவ்வொரு திருகும் தெரியும். சரி. நாளைக்கு மாமாவுக்கு வயதாகி அதை விற்றால்? வாங்குகிறவருக்கு அந்த ஒரு சாண் தெரியுமா?


ஹேங்கர் அண்ணாச்சி:

இதைத்தான் நானும் கேட்க இருந்தேன். அதே 2012 ஆய்வில் இன்னொரு விவரம் இருக்கிறது. 2011-ல் விசாரித்த வீட்டு விமான விபத்துகளில் பாதிக்கு மேல் இரண்டாம் கையாக வாங்கிய விமானங்கள். கட்டியவரே ஓட்டியவை குறைவு.

காரணம் யோசித்தால் தெரியும். கட்டியவருக்குப் பழுதுபார்க்கும் சான்று கிடைக்கும், வருடாந்தரச் சோதனையை அவரே செய்யலாம். விற்றால் விமானம் போகும், அந்தச் சான்று போகாது. அது அந்த ஆளோடு ஒட்டியது. அதேபோல அவர் தலைக்குள் இருப்பதும் போகாது. எந்த மூட்டு இரண்டு தடவை கசிந்தது, எந்த சுவிட்ச் தலைகீழாக இருக்கிறது, எந்த டேங்க் சீக்கிரம் காலியாகும்... தொழிற்சாலை விமானத்துக்கு ஒரே கையேடு, ஆயிரம் விமானத்துக்கும் பொருந்தும். வீட்டு விமானம் ஒவ்வொன்றும் தனி. ஒரு லாங்-ஈஸி ஓட்டியவன் இன்னொரு லாங்-ஈஸியில் ஏறினால் வால்வு வேறு இடத்தில் இருக்கிறது. டென்வருக்கு 2,700 மணி நேரம் இருந்தது. இந்த ஒரு விமானத்தில் கைவிரல்விட்டு எண்ணிவிடலாம்.

விற்பவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து மணி நேரமாவது ஓட்டிக்காட்டாமல் சாவியைக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. இதைச் சொன்னால் வாங்குகிறவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.


முதல்சோலோ:

ஐயா, 500 அடியில் இன்ஜின் நின்றால் என்ன செய்திருக்க வேண்டும்? எங்கள் பயிற்றுநர் தினமும் சொல்வது: முதலில் ஓட்டு, பிறகு வழி பார், கடைசியில் பேசு. ஆனால் டேங்க் மாற்றினால் இன்ஜின் திரும்ப வரும் என்று தெரியும்போது எப்படி மாற்றாமல் இருப்பது? நான் அவர் இடத்தில் இருந்தாலும் கை அங்கேதான் போகும் என்று தோன்றுகிறது.


ஹேங்கர் அண்ணாச்சி:

போகும் தம்பி. எனக்கும் போகும். அதனால்தான் வால்வு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்கிறோம்.

உன் பயிற்றுநர் சொல்வது சரி. மூக்கைத் தாழ்த்தி, சறுக்கு வேகத்தைப் பிடித்து, இறக்கையை நேராக வைத்து, முன்னால் தண்ணீரோ மணலோ எது வந்தாலும் அதில் இறங்கப் பார்க்க வேண்டும். சறுக்கிக்கொண்டே டேங்க் மாற்றலாம், முன்னால் பார்த்தபடி ஒரு கையால் மாற்ற முடிந்தால். 500 அடியில் அரை நிமிடம் கிடைத்தால் பெரிசு. அந்த அரை நிமிடத்தில் பெல்ட்டைத் தளர்த்தி, திரும்பி, தேடி, எந்தப் பக்கம் என்று யோசித்து... அவருக்கு வழி இல்லாமல் போனது கடற்கரையில் இல்லை. எரிபொருள் வேண்டாம் என்று சொல்லிக் கிளம்பிய அந்த நிமிடத்தில்.

நீ ஒன்று மட்டும் பழகிக்கொள். டேங்க் மாற்றுவதைத் தரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே. கிளம்பும் முன்பே நிறைந்த டேங்கில் வை. உயரத்தில் இருக்கும்போது, கீழே ஓடுபாதை தெரியும்போது மாற்று.


ரிவெட்டுக்காரன்:

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

மாமாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ‘வா’ என்று ஷெட்டுக்குக் கூட்டிப் போனார். என்னை இடது இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட்டைத் தானே இறுக்கினார். ஒரு துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டினார். பிறகு ஒவ்வொன்றாகப் பேர் சொன்னார். திராட்டில். கை போனது. மிக்ஸ்சர், எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் குமிழ். போனது. மாஸ்டர் சுவிட்ச். போனது. பம்ப். கொஞ்சம் தடவினேன், கிடைத்தது.

வால்வு.

கையைப் பின்னால் கொண்டுபோனேன். முழங்கை இருக்கையில் இடித்தது. தோளைத் திருப்பினேன். விரல் நுனி கைப்பிடியைத் தொட்டது, பிடிக்க முடியவில்லை. பெல்ட் இழுத்தது. இன்னும் கொஞ்சம் திரும்பினேன்.

‘கண்ணைத் திற’ என்றார் மாமா. திறந்து பார்த்தால் அவர் என்னைப் பார்க்கவில்லை. வாலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ரட்டர் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கிறது. என் கால்தான்.

நேற்றும் இன்றும் அதைக் கழற்றினோம். குழாய் இரண்டும் வெட்ட வேண்டிவந்தது, புதிதாக வளைக்கிறோம். திராட்டில் கம்பிக்கு வேறு வழி பார்த்தாயிற்று, முன்பே பார்த்திருக்கலாம். வால்வு வரைபடத்தில் இருக்கிற இடத்துக்கே போகிறது.


ஹேங்கர் அண்ணாச்சி:

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். குழாயை வளைத்த பிறகு வாளிச் சோதனையைத் திரும்ப முதலிலிருந்து செய்யுங்கள், பழைய கணக்கு செல்லாது. வால்வைச் சுற்றி எழுத்து எழுதியாயிற்றா?


ரிவெட்டுக்காரன்:

இன்னும் இல்லை ஐயா. சிவப்புப் பெயிண்ட் வாங்கி வைத்திருக்கிறோம். இடது, வலது, மூடு. எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும் என்று மாமா அத்தையை உள்ளே உட்காரவைத்துப் பார்க்கிறார். அத்தை இதுவரை அந்த விமானத்தில் ஏறியதே இல்லை.